ஓடிக்கொண்டே இருந்த மோட்டார்

சில வருடங்களுக்கு முன்பு, நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் நடந்தது இது. ஆனி மாதம். மேட்டூர் அணை திறந்து, ஆற்றில் தண்ணீர் வந்து, வாய்க்காலெல்லாம் நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. போர்வெல் மோட்டாருக்கெல்லாம் ஓய்வு கொடுக்கிற நேரம். எங்கள் மோட்டார் மட்டும் காலையில் மும்முனை கரண்ட் வந்ததிலிருந்து அது போகும்வரை நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

ஓட்டியது என் கொழுந்தன். என் கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். இங்கே நான், மாமியார், கொழுந்தன், மூன்று பேர்தான். விவசாயம் முழுக்கக் கொழுந்தன் பொறுப்பு. இருபத்தைந்து வயது, விவசாய டிப்ளமோ படித்தவர், எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அப்படிப்பட்டவர் ததும்பி வழிகிற வயலுக்கு மேலும் மேலும் தண்ணீர் இறைத்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? ‘இலவச கரண்ட் என்றால் இப்படியா’ என்று ஊரில் கேலி பேசினார்கள். வீட்டில் இருந்தால் வேலை சொல்வோம் என்று மோட்டார் கொட்டகையில் போய் உட்கார்ந்துகொள்கிறார் என்பது என் கணக்கு.

மோட்டார் மட்டும் என்றால் பரவாயில்லை. குளிப்பதை மறந்தார். நண்பர்கள் வந்தால் கொல்லைப் பக்கமாகப் போய்விடுவார். ராத்திரி தூங்குவதே இல்லை. பிறகு வீட்டுச் சாப்பாட்டைத் தொடுவதை விட்டார். வாழைப்பழமும் அவித்த முட்டையும்தான். அதையும் தானே உரித்துத்தான் தின்பார். “என் சமையலுக்கு இப்படி ஒரு மரியாதையா தம்பி?” என்று நான்கூடக் கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை. முகத்தில் ஒன்றுமே இல்லை. அதுதான் எனக்கு முதலில் உறுத்தியது, ஏனென்றால் என் கிண்டலுக்கு அந்த வீட்டில் சிரிக்கிற ஒரே ஆள் அவர்தான்.

மாமியாருக்கு இரண்டு சந்தேகம். ஒன்று செய்வினை. இன்னொன்று, வயசு ஆகிவிட்டது, கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடும். பாபநாசம் பக்கத்தில் ஒரு பெண்ணின் ஜாதகத்தைக்கூட வாங்கிவிட்டார்.

ஒருநாள் மத்தியானம், தொடமாட்டார் என்று தெரிந்தும் சோற்றை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். நான் போய் நின்ற நேரம் கரண்ட் போய் மோட்டார் நின்றது. அந்த இரைச்சல் போனதும் எனக்கு அப்பாடா என்று இருந்தது. அவருக்கோ முகம் வெளுத்துவிட்டது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரோடு ஒண்டிக்கொண்டார்.

“என்ன தம்பி, என்ன பண்ணுது?” என்றேன்.

“மோட்டார் ஓடுனா அவங்க பேசுறது அமுங்கிடும் அண்ணி. நின்னா ஆரம்பிச்சிடுறாங்க.”

“யாரு பேசுறா?”

“தெரியல. நான் என்ன செஞ்சாலும் சொல்லிக்கிட்டே இருக்காங்க. இப்ப கைலிய மடிச்சிக் கட்டுறான், இப்ப தண்ணி குடிக்கிறான்னு. சோத்துல மருந்து கலந்திருக்கு, திங்காதன்னும் சொல்றாங்க. அண்ணி, உங்களுக்குக் கேக்கலையா?”

சுற்றிலும் பார்த்தேன். வாய்க்கால் ஓடுகிற சத்தமும் ஒரு கொக்கும் தவிர எதுவுமில்லை. சோற்றைக் கீழே வைத்தேன். பேய் என்று நினைத்துப் பயப்படவில்லை. இத்தனை நாள் இந்த மனிதர் இதைத் தனியாகத் தாங்கிக்கொண்டிருந்தாரே என்பதுதான் தாளவில்லை. “எனக்குக் கேக்கல தம்பி, ஆனா உங்களுக்குக் கேக்குதுன்னு நம்புறேன்” என்றேன். அப்படிச் சொல்ல வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. வாயில் வந்தது.

அன்றைக்கே என் கணவரிடம் போனில் சொன்னேன். உடனே தஞ்சாவூருக்கு அழைத்துப்போ என்றார். “பைத்தியத்துக்கு வைத்தியம் பாத்தா எவன் பொண்ணு குடுப்பான்?” என்று மாமியார் அழுதார். அழுது முடியட்டும், மறுநாள் மத்தியானம் கிளம்பிவிடுவது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலையிலேயே மோட்டார் சத்தம் பாதியில் நின்றது. மும்முனை கரண்ட் போக இன்னும் நேரம் இருந்தது, வீட்டில் ஃபேனும் ஓடிக்கொண்டிருந்தது. கொட்டகைக்கு ஓடினால் கதவு திறந்து கிடக்கிறது, பலகையில் மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கிற ஃபியூஸ் கேரியர் ஒன்றைக்கூடக் காணோம். எங்களுக்கு அடுத்த வயல்காரர் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். என் மாமனாருக்குத் தம்பி முறை, எனக்கு மாமா. குறுவை நடவுக்கு அவர் விட்டிருந்த நாற்றங்கால் முழுக்க எங்கள் தண்ணீர். முளை விட்ட விதையெல்லாம் மூழ்கிக் கிடந்தது.

“கேரியரைப் புடுங்கிட்டேம்மா. எத்தன தடவ சொல்றது? நாத்து அழுவிப் போச்சு. இனிமே நான் எப்புடி நடுவேன்?” என்று கத்தினார். எங்கள் பக்கத்தில் தண்ணீர்த் தகராறு என்றால் கேரியரைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டு போவது வழக்கம்தான். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது.

“தம்பி எங்க மாமா?”

“நான் புடுங்குனதும் காதப் பொத்திக்கிட்டு ஓடுனான். என்னமோ நான் அடிச்ச மாதிரி.”

சேதி கேட்டு மாமியார் பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் அனுப்பினார், நண்பர்கள் வீட்டுக்கெல்லாம் போன் செய்யச் சொன்னார். கொழுந்தன் யாரைத் தேடியும் போயிருக்கமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கு வேண்டியது ஆள் இல்லை, இரைச்சல். எங்கள் ஊரைச் சுற்றி மோட்டாரைவிடப் பெரிய இரைச்சல் எங்கே இருக்கிறது? ஆற்று மதகின் ஷட்டரில். தண்ணீர் திறந்த நேரத்தில் அங்கே பக்கத்தில் நின்று பேசினால்கூடக் காதில் விழாது.  அந்த ஷட்டருக்குக் கீழே சுழலில் விழுந்தவர் எழுந்ததில்லை.

“மாமா, வண்டிய எடுங்க” என்றேன். முணுமுணுத்துக்கொண்டேதான் எடுத்தார். போகிற வழியில் விஷயத்தைச் சொன்னேன். கேட்டதும் வண்டியை முறுக்கினார்.

அங்கேதான் இருந்தார். ஷட்டர் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் ஏறி, ஆற்றுப் பக்கம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். கீழே தண்ணீர் நுரைத்துக்கொண்டு விழுகிறது. கூப்பிட்டால் கேட்காது. பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிட்டு விழுந்துவிட்டால்? அதனால் அவர் பார்வையில் படுகிற மாதிரி சுவரோரமாக மெதுவாக நடந்து போய், பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னைப் பார்த்தார். கத்தித்தான் பேசவேண்டியிருந்தது.

“இங்க கேக்குதா தம்பி?”

“கொஞ்சம் கம்மியா இருக்கு அண்ணி. குதிடா குதிடாங்கிறாங்க.”

 “குதிக்கணும்னு உங்களுக்கு இருக்கா?” என்று கேட்டேன்.

“இல்ல. எனக்குத் தூங்கணும்.”

“அந்தப் பேச்ச நிறுத்துறதுக்கு டாக்டர் இருக்காங்க. நான் கூட வர்றேன். போவோமா?”

 “அப்ப மோட்டார்?” என்றார் ஆற்றைப் பார்த்தபடியே.

 என் பின்னாலேயே வந்திருந்த மாமா முன்னால் வந்தார். மடியை அவிழ்த்து, பீங்கான் கேரியர்களை எடுத்து, கொழுந்தனிடம் நீட்டினார். “நீ போட்டுக்கடா தம்பி. நான் வரப்ப வெட்டி வடிச்சிக்கிறேன். நாத்து போனா கடன ஒடன வாங்கியாவது வேற நாத்து பாத்துக்கலாம்” என்றார். கொழுந்தன் கேரியர்களை இரண்டு கையாலும் வாங்கினார். வாங்குவதற்காகத் திரும்பியவர், காலை இந்தப் பக்கம் போட்டு இறங்கிவிட்டார். சுவரோரம் உட்கார்ந்து நான் அழுத அழுகை அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்டிருக்காது.

அன்றைக்கே தஞ்சாவூர் போனோம். மாமியாரும் மாமாவும் கூட வந்தார்கள். டாக்டரம்மா அவசரப்படாமல் கொழுந்தனோடு தனியாகப் பேசினார், பிறகு எங்களோடு. இதற்கு ஸ்கிசோஃப்ரினியா, தமிழில் மனச்சிதைவு நோய் என்று பெயர் என்றார். இல்லாத குரல் கேட்பது, சாப்பாட்டில் விஷம் என்று சந்தேகம், சிரிப்பும் அழுகையும் வற்றிப்போவது, குளிக்கக்கூட மனசு வராதது, எல்லாமே இதன் அறிகுறிதான் என்றார். மூளையில் சில ரசாயனங்கள் வேலை செய்கிற விதம் மாறிப்போகிறது, அதனால் அந்தக் குரல் அவருக்கு நிஜமாகவே கேட்கிறது, நடிப்பு இல்லை, கொழுப்பும் இல்லை என்றார். மோட்டார் விஷயத்தைச் சொன்னதும் டாக்டர் ஆச்சரியப்படவே இல்லை. குரலை அமுக்க இப்படி ஏதாவது ஒரு சத்தத்தைத் தேடிப் பிடிக்கிறவர்கள் நிறையப் பேர் உண்டாம். காதில் இயர்ஃபோன் வைத்துப் பாட்டுக் கேட்கச் சொன்னார். மாத்திரை பிடிக்கும்வரை தனியாக விடாதீர்கள் என்றும் கண்டிப்பாகச் சொன்னார்.

மாமியார் ஓரமாக உட்கார்ந்திருந்தார். “நான் வளத்ததுல என்னம்மா தப்பு?” என்று கேட்டார்.

“உங்க வளர்ப்புல ஒண்ணும் இல்லம்மா. ஒரே காரணம்னு இதுக்குக் கிடையாது. கொஞ்சம் பரம்பரை, கொஞ்சம் பிறவியிலேயே மூளையோட அமைப்பு, மேல மன அழுத்தம் சேரும். சிலருக்குக் கஞ்சா மாதிரி பழக்கம் கிளப்பிவிடும். சக்கரை வியாதிக்கு யாரத் திட்டுவீங்க? அது மாதிரிதான்” என்றார் டாக்டர். மாமியார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தன் பெரியப்பா ஒருவர் இப்படித்தான் தனியாகப் பேசிக்கொண்டே ஊர் ஊராக அலைந்து காணாமல் போனார் என்று பஸ்ஸில் வரும்போதுதான் என்னிடம் சொன்னார். ஜாதகத்தை அவரே திருப்பி அனுப்பினார்.

அத்தோடு எல்லாம் சுபம் என்று சொல்லிவிட ஆசைதான். மாத்திரையில் தூக்கம், கை நடுக்கம், உடம்பு போடுவது என்று பாடுபட்டார். சரியாகிவிட்டதே என்று ஒரு அறுவடையின்போது தானாக நிறுத்தினார். குரல் திரும்பி வந்தது. மறுபடி டாக்டர், மருந்தை மாற்றிப் பார்த்தார்கள். இப்போது விடாமல் சாப்பிடுகிறார். எப்போதாவது லேசாகக் கேட்கும் என்கிறார், ஆனால் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கிறார். என் சமையலில் உப்பு குறை என்று இப்போது குற்றம்கூடச் சொல்கிறார்.

போன கோடையில் நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைத்தார். எங்களுடையதற்கும் அந்த மாமாவுடையதற்கும் சேர்த்துத்தான். நான் காபி கொண்டுபோனபோது மோட்டாரை அவரே நிறுத்தினார். நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். என்ன தம்பி என்றேன். “ஒண்ணுமில்ல அண்ணி, தவளை கத்துறது கேக்குது” என்றார். நானும் நின்று கேட்டேன்.

அன்றிலிருந்து யாராவது வேண்டாத இடத்தில் வேண்டாத வேலை செய்துகொண்டிருந்தால் எனக்கு முதலில் கோபம் வருவதில்லை. இதைச் செய்யாவிட்டால் இவருக்கு என்ன கேட்குமோ என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.