மூன்று மாத அக்கா

பள்ளிக்கூட அதிபரின் மேசையில் இரண்டு பிறப்புப் பத்திரங்கள் அருகருகே கிடந்தன. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இரண்டையும் மறுபடி வாசித்தார். “சகோதரிகள் எண்டு விண்ணப்பத்தில எழுதியிருக்கு. மூண்டு மாசந்தான் வித்தியாசம். இது எப்பிடி?” என்றார். நியாயமான கேள்விதான். என் அப்பா இறந்து நான்கு வருடங்களுக்குப் பிறகு, அம்மா, இறக்கக்கண்டி என்ற கடலோர ஊரைச் சேர்ந்த ஒருவரை மறுமணம் செய்திருந்தார். அவரை நான் மாமா என்று கூப்பிட்டேன். மனைவியை இழந்த அவருக்கு என் வயதில் ஒரு மகள். மூன்று மாதம் முந்திப் பிறந்துவிட்ட குற்றத்துக்காக நான் அக்காவானேன். ஓர்ஸ் ஹில்லில் இருந்த எங்கள் வீட்டுக்குத் தகப்பனும் மகளும் வந்து அப்போது இரண்டு கிழமைதான்.

அதுவரை நான் ஒரே பிள்ளை. வீட்டில் நான் வைத்ததுதான் சட்டம். வந்தவளோ என்னைவிட ஒரு சாண் உயரம். கடற்கரையில் நின்று வள்ளங்களைக் கூப்பிட்டுப் பழகிய குரல். குசினியில் நின்று “அக்கா!” என்றால் அடுத்த ஒழுங்கைக்கும் கேட்கும். அந்தக் குரல் என் வகுப்புக்குள்ளும் வரப்போகிறது என்று நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஏழாம் ஆண்டில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அங்கே படிக்கும் பிள்ளையின் சகோதரி, அதே வீட்டில் இருப்பவள் என்றால்தான் அது அவளுக்குக் கிடைக்கும். வெளியூர்ப் பிள்ளைகளைச் சொந்தம் என்று சொல்லிச் சேர்க்க வருகிறவர்களை அதிபர் நிறையப் பார்த்திருந்தார். ஆகவே அம்மாவையும் மாமாவையும் அவளையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என்னிடம் தனியே கேட்டார்.

“பயப்பிடாமல் சொல்லும் பிள்ளை. அவ உம்மட வீட்டிலயா இருக்கிறா?”

“இல்லை மிஸ். அவ இறக்கக்கண்டிப் பிள்ளை. எனக்கு ஒரு முறையும் இல்லை.”

பன்னிரண்டு வயதில் எனக்கிருந்த துணிச்சலைப் பாருங்கள்! அதிபர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இடமில்லை என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார். பிறந்த திகதிதான் சிக்கலாகிவிட்டது என்று அம்மா நம்பினார். நானும் நம்ப விட்டேன்.

தங்கச்சி தன் பழைய பள்ளிக்கூடத்துக்கே தினமும் பஸ்ஸில் போய்வந்தாள். விடிய ஐந்து மணிக்கு எழும்பி, தன் வெள்ளைச் சட்டையோடு என்னுடையதையும் அயன் பண்ணித் தொங்கவிட்டுப் போவாள். ஏன் இந்த வேலை என்று கேட்டால், “அயன் சூடாத்தானே கிடக்கு” என்பாள். பின்னேரம் சப்பாத்துக்குள் மணலோடு வந்து கதிரையில் சரிவாள். பிறகு எழும்பி நின்று, பஸ்ஸில் யார் யாரோடு சண்டை பிடித்தார்கள் என்று நடித்துக் காட்டுவாள். சிரிக்கவே கூடாதென்று நான் உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பேன். ஏலாது. சிரித்துவிட்டு, பிறகு என்மேலேயே கோபப்படுவேன். இப்படியே ஐந்து மாதம் போனது.

ஒருநாள் பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டு நின்றேன். பக்கத்து ஒழுங்கை அன்ரி ஒருவர் வந்தார். தங்கச்சி போகும் பஸ்ஸில்தான் அவரும் வேலைக்குப் போவார். “நீங்கள் வகுப்பில முதலாம் பிள்ளையாமே! தங்கச்சிக்கு வழி முழுக்க உங்கட கதைதான். அக்கா மாதிரி வர வேணுமாம்” என்றார். அந்தத் தவணைப் பரீட்சையில் நான் பதினோராம் பிள்ளை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். பாணைப் பிடித்துக்கொண்டு அந்தக் கடை வாசலிலேயே அழுதேன்.

அடுத்தநாள் காலை மணியடிக்க முன்னர் அதிபரின் அறைக்குப் போனேன். “மிஸ், அண்டைக்கு நான் பொய் சொன்னனான். அவ என்ர தங்கச்சி. எங்கட வீட்டிலதான் இருக்கிறா” என்றேன். அதிபர் ஏசினார் பாருங்கள், அப்படியொரு ஏச்சு! ஏசி முடித்துவிட்டு, அந்த இடத்தை வேறொரு பிள்ளைக்குக் கொடுத்தாயிற்று என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, அடுத்த தவணைக்கு அவளைக் கூட்டிவரச் சொன்னார். சுவரோரமாக இன்னொரு கதிரை போடலாமாம்.

அன்று பின்னேரம் பஸ் தரிப்பிடத்தில் காத்திருந்து, அவள் இறங்கியதும் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் புத்தகப் பையை மற்றத் தோளுக்கு மாற்றினாள்.

“தெரியும் அக்கா. அண்டைக்குக் கதவடியிலதான் நிண்டனான்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிறகேன் வீட்டில் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்.”

ஐந்து மாதம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், என் சட்டையையும் அயன் பண்ணிக்கொண்டு. அந்த வயதில் அப்படியொரு மனசு எனக்கு இருந்திருக்காது. இப்போதும் இருக்கிறதா தெரியாது. இன்று அவள் துறைமுகத்தில், வந்துபோகும் கப்பல்களோடு வயர்லெஸ்ஸில் கதைக்கும் அறைக்குப் பொறுப்பாக இருக்கிறாள். அவள் சொல்லும் இடத்தில்தான் கப்பித்தான்மார் நங்கூரம் போடுகிறார்கள். எனக்கு அதில் இருக்கும் பெருமை கொஞ்சநஞ்சமல்ல. ஒரு கலியாண வீட்டுக்கோ கோயிலுக்கோ சேர்ந்து போனால், இவ உங்களுக்கு என்ன முறை என்று யாரும் கேட்கும்வரை நான் காத்திருப்பதில்லை. முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன்: “இவ என்ர தங்கச்சி.”