மூலையில் நின்ற எண்ணெய்க் கப்பல்

பிள்ளைகளே, ஒரு கடிதத்தில் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று நான் குசினி அடுப்படியில் நின்று கத்திய நாள் உங்களுக்கு நினைவிருக்கும். "வைச்சு விடுங்கோவன் அப்பா, ஒரு கிறுக்கல்தானே" என்றாள் மூத்தவள். இளையவன் சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டான். என்ன கடிதம் என்று அன்று நான் ஒழுங்காகச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

இங்கே ஜேர்மனியில் நான் துப்புரவு வேலை செய்யும் நூதனசாலையில், அதுதான் மியூசியத்தில், கண்ணாடி மூடி போட்ட பெரிய மேசை ஒன்று இருக்கிறது. அதற்குள் ஒரு கடற்போரின் சிறிய மாதிரி. வலது பக்கத்தில் நோர்வே மலைகள். மலைகளுக்கு நடுவே ஒடுங்கிய கடலில், உலகப் போர்க் காலத்து ஜேர்மன் போர்க்கப்பல் ஒன்று ஒளிந்து நிற்கிறது. அதை விமானங்களால் அடிக்கத் திரண்டு வந்த பிரித்தானியக் கப்பல்கள் நடுக்கடலில். விமானந்தாங்கிகளின் முதுகில் அரிசி அளவு விமானங்கள், சுற்றிவரக் காவல் கப்பல்கள். எல்லாவற்றையும் விட்டுத் தூரத்தில், இடது மூலையில், ஓர் எண்ணெய்க் கப்பல் தனியே.

மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து மெல்லிய தூரிகையால் தூசி தட்டுவது என் வேலை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனால் அந்த மேசைக்கு மேலிருந்த விளக்கப் பலகையை வருடக்கணக்காகத் துடைத்தவன். துடைக்கத் துடைக்க வாசித்தும் விட்டேன். எண்ணெய்க் கப்பல் சண்டைக்குப் போகவில்லை. தூரத்தில் காத்து நின்று மற்றவற்றுக்கு எண்ணெய் கொடுத்தது. அதனால்தான் அது மூலையில் நின்றது.

புதிதாக வந்த பொறுப்பாளர் அந்தப் பலகையைக் கழற்றிவிட்டார். பிறகு மேசையைப் பார்த்துவிட்டு, எண்ணெய்க் கப்பல் இப்படித் தனியே நிற்காது, துப்புரவு ஆள்தான் அதை இடம் மாற்றி வைத்திருக்கிறார் என்று எங்கள் கம்பனிக்கு எழுதினார். எனக்கு அப்மானுங் வந்தது, அதுதான் எச்சரிக்கைக் கடிதம். கொண்டுவந்தவர் எங்கள் மேற்பார்வையாளர். அவரும் யாழ்ப்பாணத்தவர், என்னைவிட இளையவர்.

"அண்ணை, பிழை என்ரதுதான் எண்டு ஒரு கையெழுத்து. இதோட முடிஞ்சிடும். வைக்காட்டி வேற ஆளை அனுப்பட்டாம்."

"நான் மாத்தேல்லை. வைக்க ஏலாது."

"ஒரு பொம்மைக் கப்பலுக்காக வேலையை விடப்போறீங்களே? நீங்கள் என்ன, கடற்படைத் தளபதியே?"

"கப்பல் பொம்மைதான் தம்பி. என்ர கையெழுத்துப் பொம்மை இல்லை."

அன்று இரவுதான் குசினிச் சண்டை. வீட்டு வாடகை, உங்கள் படிப்பு, எல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்துதான் மறுத்தேன்.

அடுத்த திங்கட்கிழமை, நூதனசாலை பூட்டியிருக்கும் நாள், பொறுப்பாளரும் மேற்பார்வையாளரும் நானும் மேசையருகே நின்றோம். மூடியைத் திறக்கச் சொன்னேன். எண்ணெய்க் கப்பலை இரண்டு விரலால் தூக்கினேன். அதன் கீழே, அந்தக் கப்பலின் அதே வடிவத்தில், கடல் கடும் நீலமாக இருந்தது. சுற்றிவரக் கடல் முழுவதும் விளக்கு வெளிச்சத்தில் வெளுத்துப் போயிருந்தது.

"இது எத்தனை வருட வெளிச்சம் என்று நீங்களே சொல்லுங்கள்" என்றேன், எனக்குத் தெரிந்த ஜேர்மன் மொழியில்.

பொறுப்பாளர் குனிந்து பார்த்தார். விரலால் அந்த நீலத்தின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தார். கடிதம் கையெழுத்தில்லாமலே திரும்பிப் போனது. மன்னிப்பு ஒன்றும் வரவில்லை.

ஆனால் போகும் முன் பொறுப்பாளர் எண்ணெய்க் கப்பலை எடுத்து விமானந்தாங்கிகளுக்கு நடுவே வைத்தார். "பார்க்க வருகிறவர்களுக்கு இப்படி வைத்தால்தான் விளங்கும்."

"அது பிழை" என்றேன்.

"நீங்கள் கப்பல் நிபுணரா?"

"இல்லை. துடைக்கிறவன்."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

இவ்வளவும் மேற்பார்வையாளருக்குத் தெரியும். இனி எழுதுவது ஒருவருக்கும் தெரியாது.

அடுத்த மாதம் தூசி தட்டும் நாளில் நான் மட்டும் இருந்தேன். எல்லாக் கப்பலையும் தட்டி முடித்தேன். பிறகு எண்ணெய்க் கப்பலை எடுத்து, மூலையில் அந்தக் கடும் நீலத்தின்மேல், ஒரு விளிம்பும் வெளியே தெரியாமல் வைத்தேன். மூடியை இறக்கினேன். கண்ணாடியில் என் ஐந்து விரலும் ஒரு கையெழுத்துப்போலப் பதிந்திருந்தன. துணி கையில்தான் இருந்தது. அதை வாளிக்குள் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போனேன்.