காலண்டருக்குப் பின்னால் இருப்பவள்

ஆரம்பாக்கத்தில் ஒரு லைன் வீட்டுக்குள், ஸ்பிரிட் ஊற்றிய குப்பியோடு நிற்கிறேன். கும்மிடிப்பூண்டி ஃபேக்டரியில் ஷிப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்திருக்கும் செல்வி, சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைக் காட்டுகிறாள்.

"இதுக்குப் பின்னாலதான் கீது சார். முட்டைய வயித்துக்கு அடில வச்சிக்கினு."

வலை பின்னாமல் ஓடி வேட்டையாடும் சிலந்தி இது. உள்ளங்கை அகலம், தட்டை உடம்பு. இதுவரை யாரும் விவரித்து எழுதாத இனம். ஆண் ஒன்று என்னிடம் இருக்கிறது. பெண்ணும் கிடைத்தால் விவரிப்பை முடித்துப் பெயர் வைத்துவிடலாம். பொன்னேரி வரை தேடி அலுத்துவிட்டேன்.

சிலந்தியைப் பிடித்துப் போடக் குப்பியைத் திறந்து, காலண்டரைத் தூக்கக் கை நீட்டுகிறேன். அதற்குள் என் விரல் அட்டையில் இரண்டு தட்டு தட்டிவிடுகிறது.

வெள்ளை முட்டைப் பையோடு சிலந்தி சரசரவென்று ஏறி, கூரை இடுக்கில் மறைகிறது.

"இன்னா சார், புடிக்க வந்துட்டு நீங்களே தட்டி ஓட வுட்டீங்க!"

மணவாள நகர் வீட்டில் அம்மா தினமும் இப்படித்தான் தட்டுவாள். காலண்டருக்குப் பின்னால் இருந்த சிலந்தியிடம் "நகருடி, தேதி கிழிக்கணும்" என்பாள். நானும் தட்டித்தான் கிழித்தேன். அம்மா போய் ஏழு வருடமாகிறது. என் விரலுக்கு அது தெரியவில்லை.

செல்வி சிரிப்பை நிறுத்திவிட்டு, தட்டிய என் விரலைப் பார்க்கிறாள்.

"நாங்களும் இப்டிதான் சார் தட்டுவோம். உங்க ஊட்லயும் இருந்துச்சா? இன்னா பேரு சொல்லுவீங்க?"

குப்பியை மூடுகிறேன்.

"பேரெல்லாம் இல்லம்மா. தட்டுவோம், நகந்துக்கும்."