அத்திலியோவின் ரெக்கார்டு

பொன்மலையில் மைக் செட் சகாயநாதன் என்றால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டும். கல்யாணமா, கோயில் திருநாளா, சாவு வீடா, முதல் போன் அவருக்குத்தான் போகும். சாவு வீடென்றால் இன்னும் அவசரம். பந்தல்காரன் வருவதற்கு முன்னால் இவர் வந்து கூம்பு ஸ்பீக்கரைக் கட்டி, ஏற்ற பாட்டைப் போட்டுவிட்டு, ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். சவப்பெட்டியைத் தூக்குகிறவரை எழுந்திருக்க மாட்டார்.

ஊருக்குப் போடுகிற பாட்டு வேறு, அவர் கேட்கிற பாட்டு வேறு. மாடி அறையில் அவர் சேர்த்து வைத்திருந்தது முழுக்க இத்தாலியப் படங்களின் இசை. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வந்த குதிரைப் படம், கொலைப் படம், பேய்ப் படம் என்று அலமாரி அலமாரியாக எல்.பி. ரெக்கார்டுகள். அந்தப் படங்களில் ஒன்றையாவது பார்த்திருக்கிறாரா என்றால் இல்லை. பார்க்கவும் ஆசைப்பட்டதில்லை. ஒரு விசில், ஒரு கிடார், வார்த்தையே இல்லாமல் ஒரு பெண் தொண்டையைத் திறந்து இழுக்கிற குரல், இது போதும் அவருக்கு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தாரென்றால் மாடிக்குப் போய்விடுவார்.

ரயில்வே காலனிக்குப் பக்கத்தில் மைக் செட் நடத்துகிறவருக்கு இத்தாலி எங்கிருந்து வந்தது? தங்கையிடமிருந்து வந்தது. இருதயமேரி இவரைவிட ஆறு வயது இளையவள். பள்ளிக்கூடம் முடித்ததும் கன்னியர் மடத்தில் சேர்ந்தவள். மடம் அவளை வட இத்தாலியில் ஒரு முதியோர் இல்லத்துக்கு அனுப்பியது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, படுக்கை மாற்றுவது, கண்ணை மூடிவிடுவது. இருபத்தைந்து வருசத்துக்கு மேல் அதுதான் அவள் வேலை. வீட்டில் பெற்ற தாயே அவளை 'சிஸ்டர்' என்றும் 'வாங்க போங்க' என்றும் பேசினாள். சகாயம் மட்டும் கடைசிவரை மேரி என்றுதான் கூப்பிட்டார்.

அங்கே ஒரு கிழவரோ கிழவியோ இறந்தால் சொந்தக்காரர்கள் காரில் வருவார்கள். நகையை, டி.வி.யை, நல்ல கோட்டை எடுத்துக்கொள்வார்கள். மிச்சத்தைக் குப்பைக்குப் போடச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அந்த மிச்சத்தில் பழைய ரெக்கார்டு இருந்தால் மேரி கேட்டு வாங்கி வைப்பாள். மூன்று வருசத்துக்கு ஒருமுறை லீவில் வரும்போது ஸ்வெட்டருக்குள் சுற்றி எடுத்து வருவாள். ஊருக்கு வருகிற சாமியார்கள் பெட்டியிலும் திணித்து அனுப்புவாள். அட்டைக்குப் பின்னால் சிலதில் மையில் பெயர் எழுதியிருக்கும். சகாயத்தின் மனைவி புஷ்பம் அந்தப் பெயர்களைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"செத்தவங்க சாமானா பாத்து வீட்ல அடுக்குறீங்க. நல்லாவா இருக்கு?"

"பாட்டுக்கு ஏது சாவு? போய் வேலையப் பாரு," என்றார்.

கூட உட்கார்ந்து கேட்க ஒரே ஒருத்தர் இருந்தார். ஸ்ரீரங்கத்துப் பீமராவ், பேங்கிலிருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு சாப்பாடு முடிந்ததும் பஸ் பிடித்து வந்துவிடுவார். ரெக்கார்டு சகாயத்திடம், சி.டி. பீமராவிடம் என்று இரண்டு பேருக்கும் ஓர் ஏற்பாடு. வெளிநாட்டில் மறுபடி போடுகிற சி.டி.களைப் பீமராவ் தபாலில் வரவழைப்பார். ஒரே இசையை இவர் தட்டிலும் அவர் சி.டி.யிலும் மாற்றி மாற்றிப் போட்டு, எதில் வயலின் நன்றாகக் கேட்கிறது என்று காபி ஆறுகிறவரை சண்டை போடுவார்கள்.

மேரி இருக்கிற இல்லத்தில் அத்திலியோ என்று ஒரு பெரியவர் வந்து சேர்ந்தார். வயலின் வாசித்தவர். ஒரு கொலைப் படத்துக்கு வாசித்த கூட்டத்தில் பின் வரிசையில் அவரும் இருந்திருக்கிறார். அந்தப் படத்தின் ரெக்கார்டு அவரிடம் இருந்தது. மேரி அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். மஞ்சள் கோட்டு போட்ட ஒரு பெண், பின்னால் ஒரு கண்ணாடிக் கதவு. பீமராவ் போனை வாங்கி அந்தப் படத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தார்.

"சகாயம், இது சி.டி.யா வரவே இல்லை. ரெக்கார்டே கொஞ்சம்தான் போட்டானாம். நெட்டுல யாரோ ஒரு பாட்டு மட்டும் ஏத்தியிருக்கான், அதுவும் கரகரன்னு."

அந்தக் கரகரப்பைக் கேட்ட அன்றைக்கே சகாயத்துக்குப் பித்துப் பிடித்தது. பெரியவரிடம் மேரி கேட்டுப் பார்த்தாள். உயிரோடு இருக்கிறவரை தர மாட்டேன், போனபிறகு உன் அண்ணனுக்குத்தான் என்று அவர் வாக்குக் கொடுத்தார். போட்டுக் கேட்க அவரிடம் பிளேயர்கூட இல்லை. அட்டையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருப்பாராம்.

மேரி ஞாயிறு தோறும் அந்தப் பெரியவர் அறையிலிருந்துதான் போன் போடுவாள். அங்கேதான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். போனை எடுத்ததும் அவள் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"அண்ணே, சாப்பிட்டீங்களா?"

நீ சாப்பிட்டாயா என்று திருப்பிக் கேட்கிற வழக்கம் ஒரு காலத்தில் சகாயத்துக்கு இருந்தது. பிறகு அது போய்விட்டது. "கிழவர் எப்படி இருக்காரு?" என்பார். நடக்கிறாரா, சாப்பிடுகிறாரா, இருமல் உண்டா என்று துருவித் துருவிக் கேட்பார். விசாரிப்பாம் விசாரிப்பு! மேரிக்குப் புரியாமலா இருக்கும்? சிரித்துக்கொண்டே, "இருக்காருண்ணே, நல்லாத்தான் இருக்காரு. கொஞ்சம் பொறுங்க," என்பாள்.

இரண்டாயிரத்து இருபது ஜனவரிக் கடைசியில் மேரிக்கு லீவு கிடைத்தது. டிக்கெட்டும் போட்டாயிற்று. அதற்கு முந்தைய ஞாயிறு போனில் அவள் குரல் இறங்கியிருந்தது. அத்திலியோவுக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது, ஒரு வாரம் தாங்கினால் அதிகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றாள். எதிரில் பீமராவ் காபி குடித்துக்கொண்டிருந்தார். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

சகாயம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப ஒண்ணு பண்ணு மேரி. டிக்கெட்ட ஈஸ்டருக்கு மாத்திக்க. நீ இங்க வந்துட்டா, அவர் போன அன்னிக்கே அவங்காளுங்க எல்லாத்தையும் குப்பைல போட்டுடுவாங்க."



"அம்மா கல்லறைக்குப் போகணும்னு நெனச்சேன்ணே," என்றாள் மேரி.

"கல்லறை எங்க போயிடப் போவுது? ஈஸ்டருக்குப் போவோம். வரும்போது அத கையோட கொண்டா."

"சரிண்ணே."

போனை வைத்ததும் பீமராவ் டம்ளரைக் கீழே வைத்தார். "அந்தம்மாவ வரச் சொல்லிடுங்கோ சகாயம். மூணு வருசம் கழிச்சு வராங்க. ரெக்கார்டு போனா போறது."

"உங்களுக்கென்ன சார், நோகாம வந்து கேட்டுட்டுப் போயிடுவீங்க," என்றார் சகாயம்.

கிழவர் பிழைத்துக்கொண்டார். பிப்ரவரியில் எழுந்து உட்கார்ந்து சூப் குடித்தார். அதை மேரி சந்தோசமாகச் சொன்னபோது சகாயத்துக்கு எரிச்சலாக வந்தது. இந்த மனிதரை என்ன சொல்வது? ஒரு உயிர் பிழைத்ததற்கு எரிச்சல்பட்டார்.

மார்ச்சில் அந்த இல்லத்துக் கதவைப் பூட்டினார்கள். உள்ளே இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். மேரிக்குக் காய்ச்சல் என்று ஒரு ஞாயிறு தகவல் வந்தது. அடுத்த ஞாயிறு அவள் இல்லை.

சவப்பெட்டிகளை வரிசையாக வைத்திருந்த ஒரு வீடியோ வந்தது. எந்தப் பெட்டி மேரியுடையது என்று அதில் தெரியவில்லை. இங்கேயும் ஊரடங்கு, கோயில் பூட்டு, தெருவில் போலீஸ். ஊரில் விழுந்த ஒவ்வொரு சாவுக்கும் பாட்டுப் போட்ட மனிதர் மாடிக்குப் போய் ஆம்ப்ளிஃபயரைப் போட்டார். கூடப் பிறந்தவளுக்கு எந்தப் பாட்டைப் போடுவது என்று தெரியாமல், அது கொர்ரென்று இரைவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புஷ்பம் வந்து ஸ்விட்சை அணைத்தாள்.

கோயில் திறந்ததும் நினைவுப் பூசை வைத்தார்கள். நோயாளிகளை விட்டு வர மனமில்லாமல் லீவைத் தள்ளிப்போட்டு உயிரைக் கொடுத்தவர் என்று பங்குச்சாமியார் பிரசங்கத்தில் சொன்னார். அந்த மைக்கை வைத்தவர் சகாயம்தான். லீவைத் தள்ளிப்போட்டது யார் சொல்லி என்று ஊரில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தர் மைக்குக்குப் பக்கத்தில் நின்றார், இன்னொருத்தர் ஸ்ரீரங்கத்தில் இருந்தார். புஷ்பத்திடம்கூட அவர் சொல்லவில்லை. பஸ் ஓட ஆரம்பித்ததும் பீமராவ் பழையபடி வந்தார். அந்த ஜனவரிப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. இவரும் எடுக்கவில்லை.

மூன்று வருசம் கழித்து, ஒரு ஞாயிறு மதியம், சிஸ்டர் ஜாஸ்லின் வந்தார். மருங்காபுரிப் பக்கத்துப் பெண். மேரியோடு அதே இல்லத்தில் இருந்தவர், அதற்குப் பிறகு முதல் தடவையாக லீவில் வந்திருந்தார். மாடியில் பீமராவும் இருந்தார். சிஸ்டர் பையைத் திறந்து ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டரை எடுத்துப் பிரித்தார். உள்ளே மஞ்சள் கோட்டுப் பெண்.

சகாயம் அதைக் கையில் வாங்கினார். கேட்கவேண்டிய எதுவும் அவர் வாயில் வரவில்லை. பழக்கம் நாக்கிலேயே இருந்தது.

"கிழவர் எப்ப போனாரு சிஸ்டர்?"

"யாரு, அத்திலியோவா? இருக்காரே," என்றார் சிஸ்டர். "தொண்ணூறு தாண்டியாச்சு. அவரேதான் குடுத்து அனுப்பினாரு. உங்ககூட ஒரு விசயம் பேசணும்னு மூணு வருசமா என்னைப் பிடுங்கி எடுக்கிறாரு. இருங்க, போன் போட்டுத் தரேன்."

சின்னத் திரையில் ஒரு முகம் வந்தது. இத்தனை வருசம் எப்போது போகும் என்று காத்திருந்த முகத்தைச் சகாயம் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தார். காது பெரிசாக, கண் கலங்கினாற்போல இருந்தது. கிழவர் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். சிஸ்டர் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார்.

"ஜனவரியிலேயே நான் போயிருக்கணும்கிறாரு. டாக்டர் சொன்ன அந்த வாரத்திலேயே. நான் போகலை. என்னைப் பாத்துக்கறதுக்காக உங்க தங்கச்சி டிக்கெட்ட மாத்திட்டாங்க. அவங்க வாயாலேயே எங்கிட்ட சொன்னாங்க, 'உங்களை இப்படி விட்டுட்டுப் போக மனசு வரலை'ன்னு. நான் நேரத்துக்குச் செத்திருந்தா அவங்க உங்க வீட்ல உயிரோட இருந்திருப்பாங்க. என்னை மன்னிச்சிடுங்கன்னு கேக்குறாரு."

அண்ணன் சொன்னதை மேரி அங்கே யாரிடமும் சொல்லவில்லை. பழியைத் தன் இரக்கத்தின் மேல் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். அதைக் கேட்டு நம்பி, ஒரு கிழவர் மூன்று வருசமாகத் தான் உயிரோடு இருப்பதற்காக அழுதுகொண்டிருந்திருக்கிறார்.

அறையில் எல்லோரும் சகாயத்தைப் பார்த்தார்கள். பீமராவும் பார்த்தார். ஒரு வார்த்தை போதும். உங்கள் மேல் தப்பில்லை, நான்தான் வரவேண்டாம் என்றேன், இந்த ரெக்கார்டுக்காகத்தான் சொன்னேன். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? கீழே புஷ்பம் பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு படியேறி வருகிற சத்தம் கேட்டது.

"பரவால்லைன்னு சொல்லுங்க சிஸ்டர்," என்றார். "நாங்க மன்னிச்சிட்டோம்னு சொல்லுங்க."

சிஸ்டர் சொன்னார். கிழவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினார். அப்புறம் போனுக்கு நன்றி சொல்வதுபோலத் திரும்பத் திரும்பத் தலையைத் தாழ்த்தினார்.

பீமராவ் எழுந்தார். கிளம்பும்போது 'அடுத்த வாரம் பாப்போம்' என்று சொல்கிறவர், அன்றைக்குச் சிஸ்டரை மட்டும் பார்த்துக் கும்பிட்டார். படியில் ஒதுங்கி நின்று புஷ்பத்துக்கு வழி விட்டார், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் பொன்மலைக்கு வரவில்லை.

"ரெக்கார்ட போட்டுக் காட்டச் சொல்றாரு," என்றார் சிஸ்டர். "அவரு கேட்டு வருசக்கணக்காச்சாம்."

சகாயம் ஊசியை வைத்துவிட்டு, ஸ்பீக்கர் பாக்ஸுக்கு எதிரே போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓரிடத்தில் வயலின்கள் எழுந்தன. கிழவர் விரலைத் தூக்கித் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். ஆசைப்பட்ட இசை இத்தனை தெளிவாகக் கேட்டும், சகாயத்தின் காதில் ஒன்றும் ஏறவில்லை.

சிஸ்டர் ஜாஸ்லின் லீவு முடிந்து போய்விட்டார். போனவர் கிழவருக்கு ஒரு வசதி செய்து கொடுத்தார். ஞாயிறு தோறும் மேரி கூப்பிட்ட அதே நேரத்துக்கு அங்கிருந்து போன் வருகிறது. எடுக்காமல் விட்டால் மறுபடி மறுபடி அடிக்கிறது. புஷ்பம் கீழேயிருந்து, "அந்தப் பெரியவரு, எடுங்க, பாவம்," என்று குரல் கொடுக்கிறாள். சகாயம் எழுந்து போய் அந்த ஒரு ரெக்கார்டைப் போடுகிறார். மற்ற ரெக்கார்டுகளை அவர் தொட்டு வெகு நாளாயிற்று.

மொழி தெரியாத இரண்டு பேர் என்ன பேசிக்கொள்ள முடியும்? ஆனால் இத்தனை வருசம் தன் அறையில் நின்று மேரி பேசியதைக் கேட்டுக் கேட்டு, கிழவருக்கு ஒரே ஒரு வாக்கியம் தமிழில் வரும். அவர் ஊர்க்காரர்கள் வணக்கம் சொல்வதுபோல, தமிழில் இப்படித்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள் என்று நினைத்திருக்கிறார். போனில் முகம் தெரிந்ததும், பல்லில்லாத வாயைத் திறந்து, மேரி இழுக்கிற அதே இழுப்போடு கேட்கிறார்.

"அண்ணே, சாப்பிட்டீங்களா?"