கூட்டத்தில் பேர் எழுதிய கங்காணி

முதல் கூட்டத்தன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் சமையல் செய்தவர் ஒருவர். எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறி டிரைவர் ஒருவர். தலவாக்கலை டவுனில் தையல் கடை வைத்திருந்தவர் ஒருவர். மேசன் வேலை செய்த சிங்களவர் ஒருவர். அவரை எல்லோரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். வரும்போதே குடித்துவிட்டு வந்து கடைசி பெஞ்சில் தூங்கிப்போனவர் ஒருவர். ஆறாவது ஆள் நான், தோட்டத்தில் கங்காணி. கதவு இரண்டு தரம் திறந்தது. இரண்டு தரமும் காற்று.

பேர் போடவில்லையே என்று பார்க்கிறீர்களா? ஒரு காலத்தில் போட்டேன். அதனால் வந்ததைத்தான் எழுதப் போகிறேன். குடியை நிறுத்த நாம் கூடுகிற கூட்டங்களில் செக்ரட்டரி பொறுப்புக்கு இப்போது இளம் ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நான் ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். டிரைவருக்கு முழுவதும் வாசித்துக் காட்டி, “போடுங்க” என்று அவர் சொன்ன பிறகுதான் நம் இயக்கப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

1. இஞ்சித் தேத்தண்ணி

அறை, தேவாலயத்துக்குப் பின்னால் இருந்தது. தகரக் கூரை. மழை வந்தால் பேசுகிறவர் கத்த வேண்டும். பாதர் சும்மாவே தருகிறேன் என்றார். சமையல்காரர் ஒத்துக்கொள்ளவில்லை, சின்ன வாடகை பேசினார். “நம்ம செலவ நாமதான் பாத்துக்கணும். வெளிய கை நீட்டுனா அப்புறம் அவங்க சொல்றதத்தான் கேக்கணும்” என்றார். பிறகு ஒரு தொழிற்சங்கத் தலைவர் தன் பேர் அடித்த பிளாஸ்டிக் கதிரை பத்து தருவதாக ஆள் அனுப்பியபோதும் இதே பதில்தான். குட்டை பெஞ்சிலேயே இருந்தோம்.

சமையல்காரர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். கொழும்பில் வேலை பார்த்தபோது இந்தக் கூட்டத்துக்குப் போய்க் குடியை விட்டவர். பெரிய பிளாஸ்கில் இஞ்சித் தேத்தண்ணி கொண்டுவருவார். அந்தக் காரம் இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது. அதற்குப் பிறகு எத்தனையோ கூட்டத்தில் பிஸ்கட்டோடு பால் தேத்தண்ணி குடித்துவிட்டேன். அது இது இல்லை.

முதல் நாள் அவர் இந்த இயக்கத்தின் கதையைச் சொன்னார். அமெரிக்காவில் ஒரு பங்குத் தரகர். குடித்துக் குடித்து எல்லாம் போய், எப்படியோ நிறுத்தியிருந்தார். வேலை விஷயமாக வெளியூர் போன இடத்தில், காரியம் கெட்டு, மறுபடி குடிக்க வேண்டும்போல் வந்துவிட்டது. அப்போது அவர் தேடியது இன்னொரு குடிகாரரை. கிடைத்தவர் ஒரு டாக்டர். இரண்டு பேரும் உட்கார்ந்து பேசியதில் ஆரம்பித்ததுதான் எல்லாம்.

“டாக்டரே குடிகாரரா?” என்றார் டெய்லர்.

“ஆமாண்ணே.”

“அப்ப நாம தேவலாம்.”

பன்னிரண்டு படிகளையும் வாசித்தார். மதுவிடம் நான் தோற்றுவிட்டேன் என்று ஒத்துக்கொள்வது முதல் படி. அடுத்தது, நம்மைவிடப் பெரிய ஒரு சக்தியை நம்புவது. பாஸ் கையைத் தூக்கினார். “நாங்க பௌத்தம். கடவுள்னு சொல்றது எப்பிடி?”

“உங்களுக்கு மேல ஒண்ணு இருக்குன்னு வச்சிக்குங்க பாஸ். அது என்னான்னு நீங்கதான் முடிவு பண்ணணும்.”

“எனக்கு மேல என் பொண்டாட்டி” என்றார் டெய்லர். தூங்கிக்கொண்டிருந்தவர்கூடச் சிரித்தார்.

2. பின்பக்கம்

இத்தனைக்கும் நடுவில் நான் எழுதிக்கொண்டிருந்தேன். கங்காணிக்குச் சட்டைப்பையில் ஒரு சின்னப் புத்தகம் இருக்கும். காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடும்போது யார் வந்தது, யார் வரவில்லை என்று அதில் குறிக்க வேண்டும். ஒரு பேர் விட்டுப்போனால் ஒரு ஆளுக்கு ஒரு நாள் சம்பளம் போய்விடும். இந்தப் பயத்தில் ஒரே பேரை மூன்று தரம் சரிபார்ப்பேன். கதவுக் கொக்கியையும் மூன்று தரம்தான். ஆட்கள் கூடின இடத்தில் பேர் எழுதாமல் இருக்க எனக்குத் தெரியாது.

சமையல்காரர் பார்த்துவிட்டார். “என்னாண்ணே எழுதுறீங்க?”

“வந்தவங்க பேரு தம்பி.”

“கிழிச்சிருங்க. இங்க யாரு வந்தாங்க, என்னா பேசுனாங்கன்னு வெளிய போகக்கூடாது. அதுதான் நம்ம அஸ்திவாரம்.”

டிரைவர் சிரித்தார். “லயத்துல ஒருத்தன் தும்முனா பத்துக் காம்பராவுக்கும் கேக்கும். இதுல பேர எங்க மறைக்கிறது?”

“நீங்க குடிச்சது ஊருக்கே தெரியும்ணே. நிறுத்தப் பாக்குறீங்கன்னு தெரியக்கூடாது. தெரிஞ்சா கேலி பண்ணியே திரும்பக் குடிக்க வச்சிருவாங்க.”

சரி என்று புத்தகத்தை மூடினேன். கிழிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கே போனாய் என்று மனைவி கேட்டால் காட்ட ஒன்று வேண்டாமா? பிறகு யாராவது கூட்டமே நடக்கவில்லை என்று சொன்னால்? இப்படித்தான் என் மூளை வேலை செய்யும். புத்தகத்தின் பின்பக்கத்தில் தலைப்பே போட்டேன்: ‘குடியை நிறுத்துவோர் கூட்டம், வந்தவர்கள்’. வாராவாரம் எழுதினேன். மாதக் கடைசியில் புத்தகத்தை ஒபீஸில் கொடுத்துவிட வேண்டும். கொடுப்பதற்கு முன் அந்தத் தாளைக் கிழித்துப் புதுப் புத்தகத்தின் அட்டையில் செருகிவிடுவேன்.

மூன்றாவது மாதம், ஒரு நாள் முன்கூட்டியே கிளாக்கர் மலைக்கே வந்து புத்தகங்களை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் தலை மறைந்த பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஒபீஸ் வாசல்வரை போனேன். என்ன காரணம் சொல்லிக் கேட்பது என்று தெரியாமல் திரும்பி வந்தேன்.

3. துரை கேட்டது

இரண்டு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டார்கள். மேசையில் புத்தகம், பின்பக்கம் திறந்தபடி.

“என்ன கங்காணி இது? நீயும் குடிகாரனா?” என்றார் தோட்டத்தை நடத்துகிற துரை.

“இல்லீங்க தொர. நா குடிக்கிறதில்லீங்க. இவங்கள பாத்துக்கிறதுக்குத்தான் போனேனுங்க.”

“அப்ப டிரைவர்?”

“அவரு வர்றாருங்க.”

இவ்வளவுதான் சொன்னேன். பதினொரு வாரமாக அந்த மனுஷர் ஒரு சொட்டுத் தொடவில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த வரி வாய்வரை வந்தது. அவருக்காகப் பேசினால் என்னைப் பற்றி இன்னும் கேட்பார்களோ என்று விழுங்கிவிட்டேன்.

துரைக்கும் அவர் நியாயம் இருந்தது. “நம்ம ரோட்டுல எத்தன வளைவு இருக்கு? லொறி பள்ளத்துல போனா பதில் சொல்றது நான்” என்றார். அன்றைக்கே டிரைவரிடம் சாவியை வாங்கிவிட்டு, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் ஆட்களோடு மலைக்கு அனுப்பினார்கள். அது என் பிரிவு. மறுநாள் பெரட்டில் அவர் கடைசியாக வந்து நின்றார், கையில் கவ்வாத்துக் கத்தி. நான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“எழுதுங்க கங்காணி” என்றார். எழுதினேன்.

அந்த ஞாயிறு கூட்டத்தில் அவர் உட்காரவே இல்லை. “இங்க இருந்துதான் போயிருக்கு. யாரு சொன்னது? டெய்லரா? பாஸா?”

பாஸ் எழுந்துவிட்டார். “நா இல்ல மல்லி, நா இல்ல தம்பி. என் புள்ள மேல சத்தியம்.”

டெய்லர், “என் கடையில கத்தரிக்கோல்தான் பேசும், நா பேச மாட்டேன்” என்றார். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. நான் பிளாஸ்கின் மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டிருந்தேன். டிரைவர் போய்விட்டார். மறு வாரம் பாஸும், கடைசி பெஞ்சில் தூங்கினவரும் வரவில்லை. மூன்று பேர் இருந்தோம்.

4. கணக்கெடுப்பு

டிரைவர் திரும்பக் குடித்துவிடுவார் என்றே நினைத்தேன். மலையில் ஏதாவது சாக்குச் சொல்லி அவர் பக்கத்தில் போய் மூச்சை முகர்ந்து பார்ப்பேன். வாசம் வரவில்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது. சமையல்காரர் லீவு நாளில் வந்து அவரை பஸ் ஸ்டாண்ட் தேத்தண்ணிக் கடையில் சந்தித்துக்கொண்டிருந்தார். “அறை எதுக்குண்ணே? ரெண்டு குடிகாரன் உக்காந்து பேசுனா அதுதான் கூட்டம்” என்றார்.

நானும் குடிக்கவில்லை. ஆனால் தூக்கம் போய்விட்டது. ஒரு வருஷம் ஆனபோது சமையல்காரர் என்னை நாலாம் படி எழுதச் சொன்னார். நம் குணத்தை, செய்த தப்புகளை, ஒன்று விடாமல் எழுதிப் பார்க்கிற படி அது. அடுத்த படியில் அதை ஒரு ஆளிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பதினாறு பக்கம் எழுதினேன். அப்பாவிடம் திருடினது, மனைவியை அடித்தது, எல்லாம் இருந்தது. ஒபீஸ் விஷயம் இல்லை.

சமையல்காரர் முழுக்கக் கேட்டார். “அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“அப்ப ஏண்ணே கடைசித் தாள மூணு தரம் திருப்பிப் பாக்குறீங்க? ஏதாச்சும் விட்டுப்போச்சா?”

சொல்லிவிட்டேன். அவர் பிளாஸ்கைத் திறந்து எனக்குத் தேத்தண்ணி ஊற்றினார். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். கடைசியில், “எட்டாம் படியில நாம கெடுத்த ஆளுங்க பேர எழுதணும். மொதப் பேரு யாருன்னு உங்களுக்கே தெரியும். ஒம்பதாம் படியில நேர்ல போய்ச் சரிபண்ணணும். அவங்களுக்கு இன்னும் கேடு வரும்னா மட்டும் போகக்கூடாது. இதுல கேடு வந்தா உங்களுக்குத்தான். அதனால போகலாம்” என்றார்.

5. வாசலில்

அப்படியும் இரண்டு மாதம் ஓட்டினேன். ஒரு ஞாயிறு காலை, லயத்தில் டிரைவர் குடியிருந்த காம்பராவுக்குப் போனேன். அவர் மனைவி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என் பிரிவில் கொழுந்தெடுக்கிற ஆள்தான், வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

“என்னா கங்காணி, ஞாயித்துக்கெழமையிலயுமா வேலைக்குக் கூப்புட வந்தீங்க?”

டிரைவர் வெளியே வந்தார். நின்றபடியே சொன்னேன். புத்தகம், கிளாக்கர், துரை கேட்டது, நான் சொன்னது, சொல்லாமல் விழுங்கினது. பாஸ் மேலும் டெய்லர் மேலும் பழி விழுந்தபோது வாயை மூடிக்கொண்டிருந்தது. முறத்தின் சத்தம் நின்றுவிட்டது.

டிரைவர் கத்தவில்லை. “இதத் தொரகிட்டச் சொல்லுவீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

திங்கட்கிழமை ஒபீஸில் போய் நின்று, “நானும் குடிகாரனுங்க தொர. அன்னைக்குப் பொய் சொன்னேன். அவரு பதினொரு வாரம் தொடாம இருந்தாரு, இன்னைக்கு வரைக்கும் தொடலீங்க” என்றேன். லொறிக்கு வேறு ஆள் போட்டாயிற்று, ஒன்றும் செய்ய முடியாது என்றார் துரை. என் கங்காணி வேலையை விட்டுவைத்தார். ஏனென்று இன்றைக்கும் தெரியாது. டிரைவருக்கு ஒரு நல்ல கடிதம் மட்டும் எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தோடு அவர் நுவரெலியாவில் மரக்கறி லொறி ஓட்டப் போனார். மலையில் இருந்தது பதினாலு மாதம்.

பாஸிடமும் டெய்லரிடமும் போய்ச் சொன்னேன். பாஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். டெய்லர் ஆறு மாதம் என் சட்டைக்குப் பொத்தான்கூடத் தைத்துத் தரவில்லை. மெதுவாகத் திரும்ப ஆறு பேரானோம், பிறகு இருபது. அந்த அறையில் எழுதின பேர் என்று இன்றைக்கு ஒன்றுகூடக் கிடையாது. புதிதாகப் பொறுப்பெடுக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தேத்தண்ணிக்கு எத்தனை கோப்பை வேண்டும் என்று மட்டும் எண்ணுங்கள். எழுதித்தான் ஆக வேண்டும் என்று கை அரித்தால் உங்கள் சொந்தத் தப்பை எழுதுங்கள். எனக்குப் பேர் எழுதுவது சுலபமாக இருந்தது, தப்பை எழுதத்தான் ஒரு வருஷம் ஆனது.

மரக்கறி லொறி கிடைத்த வாரம் டிரைவர், “போகட்டும் கங்காணி, முடிஞ்சு போச்சு” என்றார்.

அவர் மனைவி விடவில்லை. “என்னா முடிஞ்சு போச்சு? மன்னிச்சேன்னு சொன்னா கடக்காரன் அரிசி குடுப்பானா? டிரைவர் சம்பளத்துக்கும் மலைச் சம்பளத்துக்கும் மாசம் எட்டாயிரத்து ஐநூறு வித்தியாசம். பதினாலு மாசம். நீங்களே பெருக்குங்க.”

பெருக்கினேன். ஒரு லட்சத்துப் பத்தொன்பதாயிரம். அவர் சொன்னது நியாயம். மன்னிப்புக் கேட்பது பாதிதான், கெடுத்ததை நிமிர்த்துவது மீதி என்று ஒன்பதாம் படியை வாசிக்கும்போதெல்லாம் நானே மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். மாதம் இரண்டாயிரம் என்று பேசிக்கொண்டோம். நாட்டில் டீசலே கிடைக்காமல் போன அந்த வருஷத்தில் சில மாதம் தவறியது, டிரைவரின் மனைவி பொறுத்துக்கொண்டார். ரிட்டயர் ஆன பிறகும் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். போன மாதத்தோடு ஐம்பத்து மூன்று தவணை முடிந்தது. பாக்கி பதின்மூவாயிரம் ரூபாய்.