பச்சை குடிக்காத தோர்கில்

வால்பியில் பஸ் ஓட்டிய தோர்கிலுக்கு ஒரே மதம்தான். அதன் பெயர் ஹோஃப். புட்டியில் கார்ல்ஸ்பெர்க் என்றுதான் இருக்கும். அரண்மனைக்குப் பீர் தருகிறவர்கள் என்று லேபிளில் பெருமையாகப் போட்டுக்கொண்டதால், அரண்மனைக்கான டேனிஷ் சொல்லான 'ஹோஃப்' என்பதே எங்கள் வாயில் அதற்குப் பெயராகிவிட்டது. எதிராளி டூபோர்க்குக்குப் பெயர் 'பச்சை'. இரண்டு புட்டியும் பச்சைதானே என்று கேட்கிறவன் வெளியூர்க்காரன்.

"பச்சையா? பாத்திரம் கழுவின தண்ணி. கண்ணைக் கட்டிவிட்டாலும் மோந்தே சொல்லிடுவேன்" என்பான் தோர்கில்.

"யோவ், ரெண்டு கம்பெனியும் ஒண்ணாகி எத்தனையோ வருஷமாச்சு" என்று நான் சீண்டுவேன்.

"ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்துட்டா, ஓரகத்திங்க ரெண்டு பேர் சமையலும் ஒண்ணாயிடுமா?"

இப்படிப்பட்டவன் போயும் போயும் ரிக்மோரிடம் மனதைப் பறிகொடுத்தான். கணவனை இழந்தவள், டூபோர்க் ஆலை இருந்த ஹெல்லெரூப்பில் பிறந்தவள். அவள் அப்பா டூபோர்க் லாரி ஓட்டியவர். அந்த வீட்டு வாசலை ஹோஃப் மிதித்ததே இல்லை. எங்கள் இருவரையும் ஈஸ்டர் விருந்துக்கு அழைத்தபோதே சொல்லிவிட்டாள்: "என் மேசையில உக்கார்றவங்க நான் ஊத்துறதைத்தான் குடிக்கணும்."

தோர்கில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தான். "வேணாம்னு சொன்னா அவ்வளவுதான்யா. கடைசிவரைக்கும் தனியாத்தான் சாப்பிடணும்" என்றான். எனக்கே பாவமாக இருந்தது.

அன்று ஹெரிங் மீனும் கறுப்பு ரொட்டியும் மேசைக்கு வந்தன. புட்டி மட்டும் வரவில்லை. ரிக்மோர் அடுக்களையிலேயே ஊற்றி, கிளாஸ்களை எடுத்துவந்தாள். வழக்கப்படி கண்ணோடு கண் பார்த்து 'ஸ்கோல்' சொன்னோம். தோர்கில் கஷாயம் குடிப்பவன்போல் விழுங்கினான்.

"எப்படி இருக்கு?" என்றாள் ரிக்மோர்.

"லேசாக் குமட்டுது. ஆனா உங்களுக்காகப் பழகிக்கிறேன்."

அவள் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எழுந்துபோய்ப் புட்டியை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தாள். ஹோஃப்.

"உங்களுக்காகத்தான் ஒரு பெட்டி வாங்கி, மூணு மாடி நானே தூக்கிட்டு வந்தேன். என் கிளாஸ்லயும் இதான். எங்கப்பா இருந்திருந்தா என்னை வீட்டை விட்டே துரத்தியிருப்பாரு."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். தோர்கிலுக்குக் காதுவரை சிவந்துவிட்டது. ஆனால் அவன் புட்டியைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூணு மாடியா?"

"ஆமா."

"அடுத்த பெட்டியை நான் தூக்கிட்டு வரேன்."

"எதை?"

தோர்கில் என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, அவள் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னான்.

"பச்சை."