விரல் விட்டுப் பார்த்தவள்

பட்டாளத்திலிருந்து வந்து, வங்கி வாசலில் இருபத்திரண்டு வருஷம் காவல் நின்றவர் அவர். ஊழியர்களுக்கு 'ரிவால்வர் அண்ணன்'. இடுப்பில் தொங்கியது சொந்தத் துப்பாக்கி. உரிமமும் அவர் பேரில்தான். ஒரு தடவைகூட அதை யாரையும் நோக்கி நீட்ட வேண்டி வரவில்லை. ஆனாலும் மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, சாப்பாட்டு மேசையில் பழைய துண்டை விரித்து, அதைக் கழற்றித் துடைக்காமல் இருக்க மாட்டார்.

அவர் மனைவி தையல்காரி. மேசைக்குப் பக்கத்திலேயே அவளுடைய மிஷின். கல்யாணமான புதிதில் அவள் போட்ட ஒரே நிபந்தனை, கழற்றும் முன் தன்னிடம் காட்ட வேண்டும் என்பது. தோட்டா நிற்கும் உருளையைத் திறந்து நீட்டுவார். அவள் ஆறு ஓட்டையிலும் விரல் விட்டுப் பார்த்து "ம்" என்பாள். பிறகுதான் வேலை.

"பட்டாளத்துலகூட இவ்ளோ கெடுபிடி இல்லடி."

"பட்டாளத்துல உங்க பக்கத்துல நான் உக்காந்து தைக்கலையே."

ஒரு ஞாயிறு, தோட்டாக்களைக் கவிழ்த்துக் கொட்டும்போதே போன் அடித்தது. மகளுக்குப் பெண் குழந்தை, இருவரும் நலம் என்று மருமகன் கத்தினார். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. வழக்கமாகக் கொட்டிய பிறகு உருளையின் நடுக்கம்பியையும் அழுத்தி, ஏதும் மிச்சமிருந்தால் வெளியே தள்ளுவார். அன்று அதை மறந்து அப்படியே மூடிவிட்டார். பிரிக்கும் முன் விசையை ஒருமுறை இழுத்துப் பார்ப்பது அவர் பழக்கம். குழலைச் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

"எனக்குக் காட்டலையே?"

"அட, இப்பத்தானே கொட்டினேன்! பேத்தியப் பாக்கப் போகணும். இத்தன வருஷத்துல ஒரு நாளாவது உள்ள ஏதாச்சும் இருந்துச்சா?"

"இல்லதான். காட்டுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு திறந்து நீட்டினார். நான்காவது ஓட்டையில் அவள் விரல் நின்றது.

"ஏங்க, இது அடைச்சிருக்கே."

பழைய எண்ணெய் பிசினாகி, ஒரு தோட்டா உள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுச் சிறுமி வாய்ப்பாடு ஒப்பிப்பது இருவருக்கும் கேட்டது. ஏழேழு நாற்பத்தொன்பது.

அவர் குழலைத் தரைப் பக்கம் திருப்பினார். கம்பியை அழுத்தித் தோட்டாவை எடுத்தார். ஆறையும் எண்ணி, அடுத்த அறை அலமாரியில் வைத்துப் பூட்டினார். மறுபடி அவளிடம் காட்டினார். அதன் பிறகே பக்கவாட்டுத் திருகைத் தளர்த்தி, உருளையை முன்பக்கமாக உருவி, ஒவ்வொரு ஓட்டையாகப் பிரஷ் விட்டுத் தேய்த்தார். குழலைத் துடைத்து, எண்ணெயை ஒரு சொட்டோடு நிறுத்தி, திரும்பப் பொருத்தினார். விசையை இழுத்துப் பார்க்கும் பழக்கத்தை அன்றோடு விட்டார்.

"நீ மட்டும் இல்லேன்னா..."

"போதும், சட்டைய மாத்துங்க. பேத்தி காத்துக்கிட்டிருக்கா."

"பொறந்து ஒரு மணி நேரம் ஆகல, அதுக்குள்ள காத்துக்கிட்டிருக்காளா!" என்று சிரித்தவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

மறைக்கத் தோன்றவில்லை அவருக்கு. மறுநாளே மற்ற காவலாளிகளிடம் ஒன்று விடாமல் சொன்னார். ஒருவர் கழற்றினால் இன்னொருவர் பார்க்க வேண்டும் என்பது அங்கே நடைமுறையாயிற்று.

ஓய்வு பெற்ற அன்று, தப்பே செய்யாத மனிதர் என்று மேனேஜர் புகழ்ந்தார். அவர் எழுந்து, "பண்ண இருந்தேன் சார். என் வீட்டுக்காரி விடல. நன்றி சொல்லணும்னா அவளுக்குச் சொல்லுங்க" என்றார்.

எல்லாரும் திரும்பிப் பார்க்க, கடைசி வரிசையில் அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இத்தன பேர் முன்னாடி இதையெல்லாம் சொல்லணுமா?" என்றாள், பஸ்ஸுக்கு நடக்கும்போது.

"உனக்கு நன்றிய இவ்ளோ நாள் கழிச்சுச் சொன்னதுதான் தப்பு" என்று அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.